ஸ்டிக்கர் நின்றதும் பிள்ளைகளின் உதவியும் நின்றுவிட்டால்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். தொடக்கநிலை 3 வகுப்பில் பிள்ளைக்கு ஓர் ‘அன்பு அட்டை’ கொடுத்தார்கள். ஓர் உதவி செய்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கர் சேர்ந்தால் ஓர் அழிப்பான். முதல் வாரம் அமர்க்களம். மூன்றாம் வாரம் பிள்ளைகள் பக்கத்து மேசைப் பென்சிலைத் தாங்களே தட்டிவிட்டு, தாங்களே குனிந்து எடுத்துக் கொடுத்து, அட்டையை நீட்ட ஆரம்பித்தார்கள். அட்டை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. “நம் பிள்ளைகளின் மனசு இவ்வளவுதானா? தினமும் நடக்கிற மாதிரி எப்படிச் செய்வது?”

பிள்ளைகளின் மனசில் குறை இல்லை. அந்த அட்டை கேட்டது ஸ்டிக்கரை. பிள்ளைகள் சேர்த்ததும் ஸ்டிக்கரை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வரும்.

2008இல் வார்னகன், டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் ஜெர்மனியில் 20 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பெரியவர் கையிலிருந்து ஒரு பொருள் விழுகிறது, அவருக்கு எட்டவில்லை, குழந்தை எடுத்துக் கொடுக்கிறது. சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் பரிசு, சிலருக்கு வாய்மொழிப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பரிசை நிறுத்திய பிறகு பார்த்தால், பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். அதற்கும் முன்பு, 1973இல் அமெரிக்காவில் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள பாலர்பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், ஓரிரு வாரம் கழித்து, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். அதே சான்றிதழ் எதிர்பாராமல் கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆக, கெடுப்பது முன்கூட்டிப் பேசிவைத்த கூலி. செய்து முடித்த பிறகு யாரோ கவனித்து ஒரு வார்த்தை சொன்னால் ஒன்றும் கெடுவதில்லை.

அட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பு என்றால், அதை ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். ஒன்பது ஸ்டிக்கரோடு நிற்கும் பிள்ளைக்கு அது அநியாயம். “இந்த வெள்ளிக்கிழமையோடு அட்டை முடிகிறது” என்று திங்கட்கிழமையே சொல்லுங்கள். முடிக்காதவர்களுக்கும் அழிப்பானைக் கொடுத்துவிடுங்கள். மிஞ்சுவதை ஒரு டப்பாவில் போட்டு வகுப்பின் முன்னால் வையுங்கள். கொண்டுவர மறந்தவர் கேட்காமல் எடுத்து, பயன்படுத்திவிட்டுத் திரும்ப வைக்கட்டும்.

இனி உண்மையான வேலை. ‘அன்பாக இரு’ என்பது பிள்ளையின் காதில் ‘நல்லாப் படி’ என்பது போலத்தான் விழும். சரி, எப்போது, யாரிடம், என்ன செய்ய? உதவி நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்: பிள்ளை கவனிக்கவில்லை; கவனித்தும், என்ன சொல்வதென்று தெரியவில்லை; தெரிந்தும், கூட இருப்பவர்கள் சிரிப்பார்களோ என்று தயங்கியது; அல்லது நேரமில்லை.

இந்த நான்காவதைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. டார்லி, பேட்சன் இருவரும் 1973இல் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், வழியில் ஒருவர் நோயாளி போலச் சுருண்டு கிடந்தார். அவசரமில்லாத மாணவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காடுதான். சமய போதகராகப் படிப்பவர்களே அப்படி என்றால், அரை மணி நேர இடைவேளையில் பாதியை மீ (நூடல்ஸ்) கடை வரிசையில் கழித்துவிட்டு, மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாயில் மீதி மீயோடு ஓடும் பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பது? இடைவேளை முடிந்து வகுப்புக்குத் திரும்ப இரண்டு நிமிடம் தாமதமானால், காரணம் இன்னொருவருக்கு உதவியது என்றால், திட்டு கிடையாது என்று ஆசிரியர் அறிவிக்கட்டும். இந்த ஒரு விதிக்கு, சுவரில் ஒட்டும் பத்து சுவரொட்டிகளைவிடப் பலன் அதிகம். சில பிள்ளைகள் இதைச் சாக்காகப் பயன்படுத்துவார்கள், உண்மைதான். “யாருக்கு?” என்று ஒரே கேள்வி போதும், கட்டுக்கதை நிற்காது.

மற்ற மூன்று காரணங்களுக்கும் மருந்து ஒத்திகை. ஒரு தவணை 10 வாரம். முதல் வாரமும் கடைசி வாரமும் தொடங்குவதும் முடிப்பதுமாகப் போய்விடும், விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் எட்டு வாரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு செயல் என்று நான்கே நான்கு செயல். தொடக்கநிலை 3க்கு நான் தேர்ந்தெடுப்பது: சிந்தினால், விழுந்தால் என்ன செய்வது; தனியாக இருப்பவரை ஆட்டத்தில் சேர்ப்பது; இன்னொருவர் தடுமாறிப் பேசும்போது கேட்பது; பள்ளியில் வேலை செய்பவர்களிடம் நடந்துகொள்வது. திங்கட்கிழமை பத்து நிமிடம் ஒத்திகை, புதன்கிழமை மூன்று நிமிடம் நினைவூட்டல், வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் பேச்சு. வகுப்பாசிரியர் வழிகாட்டல் நேரத்தில் இதற்கு இடம் உண்டு. தொடக்கப்பள்ளியில் குடியியல், நற்குணக் கல்வியின் ஒரு பகுதி தாய்மொழியில்தான் நடக்கிறது என்பதால் தமிழாசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. புதிதாக ஒரு பாடவேளை தேட வேண்டாம்.

முதல் செயலை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றை இதே முறையில் அமைக்கலாம். கேன்டீனில் ஒரு பிள்ளையின் தட்டு நழுவி மீ சூப் கிண்ணம் கவிழ்கிறது. இப்போது என்ன நடக்கிறது? நாலு மேசையிலிருந்தும் “ஓ…!” என்று ஒரு கூச்சல், கைதட்டல். விழுந்த சூப்பைவிட அந்தக் கைதட்டல்தான் பிள்ளையைச் சுடும். ஒத்திகைக்குக் காலி பிளாஸ்டிக் கிண்ணமும் தட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். நான்கு பேருக்கு நான்கு வேலை. ஒருவர் தட்டு நழுவியவர் பக்கத்தில் போய் நின்று, “பரவாயில்ல. சுட்டுடுச்சா?” என்று கேட்க வேண்டும். (கேன்டீனில் பல இனப் பிள்ளைகள் இருப்பார்கள், “ஆர் யூ ஓகே?” என்பதையும் சேர்த்தே பழக்குங்கள்.) இன்னொருவர் சிந்திய இடத்துக்கு முன்னால் நின்று, ஓடி வருபவர்களைக் கைகாட்டி ஒதுக்க வேண்டும். மூன்றாமவர் கடமையில் இருக்கும் ஆசிரியரிடமோ துப்புரவு ஆன்ட்டியிடமோ போய்ச் சொல்ல வேண்டும். நான்காமவர் மேசைக்குப் போய் அந்தப் பிள்ளையின் இடத்தையும் தண்ணீர்ப் புட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் சூடான சூப்பைத் துடைக்கக் கூடாது, உடைந்ததைத் தொடக் கூடாது. மீதிப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு: திரும்பிப் பார்க்காமல் சாப்பிடுவது.

இதை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, வேடங்களை மாற்றி நான்கைந்து தடவை செய்யுங்கள். தட்டை நழுவவிடும் வேடம் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளைக்கு முதலில் போகட்டும், எப்போதும் நழுவவிடும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒத்திகையில் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மூன்றாம் தடவையில் தானாக அடங்கும். அந்தப் பிள்ளைக்கு மறுபடி சாப்பாடு வாங்குவது பெரியவர் பொறுப்பு, நண்பர்கள் பணம் போட வேண்டியதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது செயலில் பெரிய பிழை ஒன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. தனியாக நிற்கும் பிள்ளையிடம் போய், “ஏன் தனியா இருக்கே? ஃபிரெண்ட்ஸ் இல்லையா?” என்று கேட்பது. கேட்பவர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார், ஆனால் அது ஊரறிய ஒரு குறையைச் சொல்வதாகிவிடுகிறது. “எங்களுக்கு ஓர் ஆள் குறையுது, வர்றியா?” என்பது வேறு மாதிரி. அங்கே வருபவர் உதவி பெறுபவர் இல்லை, ஆட்டத்துக்குத் தேவைப்படும் ஆள். மறுத்தால், “அப்புறம் வேணும்னா வா” என்று சொல்லிவிட்டு நகர வேண்டும், இரண்டாம் தடவை கெஞ்சக் கூடாது. இடைவேளையில் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பதே சுகம் என்று இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

சில பள்ளிகளில் இதற்கென்று ‘நட்பு பெஞ்சு’ வைக்கிறார்கள்: தனிமையாக இருப்பவர் அதில் உட்கார்ந்தால் மற்றவர் வந்து அழைப்பார். கீழ்நிலை வகுப்புகளில் கொஞ்சம் ஓடும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் அதில் உட்காருவது என்பது கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்வதுதான். அதைவிட, தொடக்கநிலை 5 பிள்ளைகள் இருவர் ஒரு மூலையில் தாண்டி விளையாடும் ‘ஸீரோ பாயிண்ட்’ ரப்பர் கயிற்றையோ, காலால் தட்டி விளையாடும் சப்தே இறகுப் பந்தையோ வைத்துக்கொண்டு, வருகிறவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் திறந்த ஆட்டம் நடத்தினால் நல்லது. வருகிறவர் நண்பர் இல்லாததால் வந்தாரா, ஆட்டத்துக்காக வந்தாரா என்று யாருக்கும் தெரியாது.

தமிழ் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அதிகம் காயப்படுத்துவது அங்கேதான். பல பள்ளிகளில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் குறைவு. வேறு வேறு வகுப்பிலிருந்து பை, புட்டியோடு வந்து ஓர் அறையில் கூடுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். ஆகவே அந்த அறையில் ஒரு பக்கம், ‘பழம்’ என்று சொல்ல நாக்கு திரும்பாத பிள்ளை. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஈராண்டுகூட ஆகாத, தமிழில் பொரிந்து தள்ளும் பிள்ளை. தமிழ் வாசிக்கும்போது முதல் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பு. அடுத்த மணி நேரம் ஆங்கிலப் பாடத்தில் இரண்டாவது பிள்ளையின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பு. சிரித்தவர்களும் சிரிக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்.

இங்கே கற்றுக்கொடுக்க வேண்டிய அன்புச் செயல், காத்திருப்பது. ஒரு பிள்ளை வாசிப்பில் தடுக்கினால், மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்வரை யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மூன்றுக்கு மேலும் தவித்தால், பக்கத்தில் இருப்பவர் மட்டும், மெதுவாக, அந்தச் சொல்லை மட்டும் சொல்லலாம். நாலா பக்கமும் கூவினால் அது உதவி இல்லை, போட்டி. தப்பாகச் சொன்னாலும் பொருள் புரிந்தால், “புரிஞ்சுது, மேல சொல்லு” என்பதே பதில். ஆசிரியர் திருத்த வேண்டுமானால், பிள்ளை சொன்ன வாக்கியத்தையே சரியான வடிவில் தான் ஒரு தடவை இயல்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகட்டும். நிறுத்தி, ‘மறுபடி சொல்லு, மறுபடி’ என்று மூன்று தடவை சொல்லவைக்கும் ஆசிரியர் இருக்கும் வகுப்பில், ‘சிரிக்காதே’ என்ற விதி நிலைக்காது. பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

பெயரும் இதே கணக்கில் சேர்த்தி. நீளமான தமிழ்ப் பெயரை வகுப்புத் தோழர்கள் இஷ்டத்துக்கு வெட்டிக் கூப்பிடுவது, சீன, மலாய்ப் பெயரை நம் பிள்ளைகள் கொத்திக் குதறுவது, இரண்டையும் ஆண்டின் முதல் வாரத்திலேயே சரிசெய்யலாம். “உன் பேரை எப்படிச் சொல்லணும்?” என்று ஆளுக்கு மூன்று பேரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

நான்காவது செயல், வேலை செய்பவர்களிடம் நடத்தை. 2017 முதல் இங்குள்ள பள்ளிகளில் மாணவர்கள் தினமும் தங்கள் இடத்தைத் தாங்களே சுத்தம் செய்வது நடைமுறை. அதை ஆசிரியர் தண்டனைக் குரலில் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ‘சத்தம் போட்டாய், ஆகவே பெருக்கு’ என்று ஒரு தடவை சொன்னால், பெருக்குவது இழிவு, பெருக்குபவரும் அப்படித்தான் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. மற்றபடி செயல் சிறியது: தட்டைத் திருப்பி வைக்கும்போது ஹலால் தட்டு, மற்ற தட்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போக வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட்டு வைக்க வேண்டும். தினமும் பார்க்கும் பாதுகாவலர் அங்கிளுக்கும் பள்ளிப் பேருந்து ஆன்ட்டிக்கும் முகம் பார்த்து ஒரு வணக்கம்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் கசக்கும். பள்ளி வாசலில் பிள்ளையின் பையை வாங்கிப் பணிப்பெண் சுமக்க, பிள்ளை கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்கிற வீட்டில், வகுப்பில் நடத்தும் எந்த ஒத்திகையும் ஒட்டாது. பையைப் பிள்ளை சுமக்கட்டும். வீட்டில் பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லட்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவும் தொட்டியில் வைக்கட்டும். மின்தூக்கிக் கதவை அடுத்தவருக்காகப் பிடித்து நிற்பதை நீங்கள் செய்தால் பிள்ளையும் செய்யும், சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

மாலையில், “இன்னிக்கு என்ன நல்லது செஞ்சே?” என்று கேட்காதீர்கள். அது மறுபடியும் ஸ்டிக்கர் கணக்குதான். பதில் இல்லாத நாளில் பிள்ளை கற்பனை செய்யும். “இன்னிக்கு உனக்கு யாரு உதவினாங்க?” என்று கேளுங்கள். முதல் சில நாள் “யாரும் இல்ல” என்று வரும். பிறகு பிள்ளை யார் என்ன செய்தார்கள் என்று கவனித்துக்கொண்டே வரும். முதல் காரணம், கவனிக்காதது, இப்படித்தான் குறையும். வகுப்பில் வெள்ளிக்கிழமைப் பேச்சையும் இதே கேள்வியில் நடத்துங்கள்: தான் செய்ததைச் சொல்ல அனுமதி இல்லை, இன்னொருவர் செய்ததை மட்டும் சொல்லலாம். பாராட்டும்போது ஆளுக்குப் பட்டம் கொடுக்காமல் செயலைச் சொல்லுங்கள். “நீ ரொம்ப நல்ல பிள்ளை” என்பதைவிட, “அவன் தட்டு விழுந்தப்ப நீ ஓடி வர்றவங்களை நிறுத்தினே, அதனால யாரும் வழுக்கலை” என்பது மேல். நல்ல பிள்ளைப் பட்டம் வாங்கியவன் அடுத்த நாள் சண்டை போட்டால் பட்டம் போய்விடும், வழுக்காமல் தடுத்தது போகாது.

வாரத்துக்கு எத்தனை செயல் கேட்கலாம்? கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பகுதியினர் நான்கு வாரத்துக்கு, வாரம் மூன்று அன்புச் செயல் செய்தார்கள். மற்றவர்கள் வாரம் மூன்று இடங்களுக்குப் போய்வந்து குறித்துக்கொண்டார்கள். இரு பகுதியினருக்குமே மகிழ்ச்சி கூடியது. ஆனால், ‘இவரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்’ என்று வகுப்புத் தோழர்கள் குறிப்பிடுவது அன்புச் செயல் பிள்ளைகளுக்குத்தான் அதிகமாக உயர்ந்தது. வாரம் மூன்று என்பது கைக்கு அடக்கமான அளவு. தினமும் ஒன்று என்று கட்டாயப்படுத்தினால் புதன்கிழமைக்குள் பொய் எழுத ஆரம்பிப்பார்கள். எந்தச் செயல் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். குறிப்பேட்டில் எண்ணிக்கைக் கோடு வேண்டாம், ஒரு வாக்கியம்: யாருக்கு, என்ன, அவர் முகம் எப்படி இருந்தது.

நம் பள்ளிகளிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும் ‘ஏஞ்சல் – மோர்ட்டல்’ விளையாட்டு பிரபலம்: சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு ரகசியமாக நல்லது செய்வது. நல்ல விளையாட்டுதான், ஆனால் மூன்று இடத்தில் கெடும். ஒன்று, பரிசுப் பொருள் போட்டியாகிவிடும். ஒருவருக்கு ஸ்டார்பக்ஸ் அட்டை, இன்னொருவருக்கு ஒரு மென்டோஸ். பொருளே கூடாது, செயல் மட்டும் என்று விதி வையுங்கள். இரண்டு, தன் சீட்டை மறந்துவிட்ட ஒருவரால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரமும் ஒன்றும் கிடைக்காது. முழுப் பட்டியலும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும், வாரத்தின் நடுவில் பார்த்து, விடுபட்டவருக்குப் பொறுப்பான ஒரு பிள்ளையை ரகசியமாகக் கூடுதல் ஏஞ்சலாகப் போட வேண்டும். மூன்று, எல்லார் முன்னாலும் ‘உன் ஏஞ்சல் யார், என்ன செய்தார்’ என்று வெளியிடும் நிகழ்ச்சி. அதை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம்.

தொடக்கநிலை 1 பிள்ளைக்குப் பெரிய வகுப்பு அக்காவையோ அண்ணனையோ துணையாகப் போடும் ஏற்பாடு ஆண்டுத் தொடக்கத்தில் பல பள்ளிகளில் உண்டு. அங்கே கெடுவது அளவுக்கு மீறிய உதவி. அக்காவே வரிசையில் நின்று, அக்காவே காசு கொடுத்து, அக்காவே தட்டைச் சுமந்தால், துணை இல்லாமல் போன மறுநாள் சின்னது கடை முன்னால் நின்று அழும். முதல் சில நாள் பக்கத்தில் நின்று சொல்லித்தரட்டும்: காசை எண்ணு, ஆன்ட்டியிடம் இப்படிக் கேள், மிச்சத்தை வாங்கு. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காசு கட்டும் பிள்ளை என்றால், மீதித் தொகையை எங்கே பார்ப்பது என்பதையும். அடுத்த வாரம் இரண்டடி பின்னால் நிற்கட்டும், கேட்டால் மட்டும் உதவட்டும். மூன்றாம் வாரம் மேசையில் மட்டும் கூட உட்காரட்டும். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் விஷயத்திலும் இதே விதி இன்னும் கறாராக: “உதவணுமா?” என்று முதலில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவது, அந்தப் பிள்ளையை அனுமதியில்லாமல் தூக்குவதற்குச் சமம்.

பண விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். நண்பனுக்குச் சாப்பாடு, பானம் வாங்கிக் கொடுப்பது பள்ளிக்குள் அன்புச் செயல் பட்டியலில் வரக் கூடாது. ஒவ்வாமை, ஹலால், சைவம் என்று காரணங்கள் உண்டு. பணம் இல்லாத பிள்ளை எதையும் திருப்பிச் செய்ய முடியாமல் போவது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். யாராவது தினமும் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்தால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் அதற்கு நிதியுதவி இருக்கிறது. எந்தப் பிள்ளை அதைப் பெறுகிறது என்பது இன்னொரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

பகடிவதையை இதோடு குழப்பாதீர்கள். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் கைகுலுக்கவைத்து ‘அன்பாயிருங்கள்’ என்பது, அடிபட்டவனை இரண்டாம் தடவை தோற்கடிப்பது. அங்கே அன்பு காட்ட வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். டொராண்டோ தொடக்கப்பள்ளி விளையாட்டு மைதானங்களில் பதிவுசெய்த காட்சிகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், 88 விழுக்காட்டுச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். 19 விழுக்காட்டில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 விழுக்காடு, பத்து விநாடிக்குள் அடங்கிவிட்டன. பிள்ளைக்கு வீரம் கற்றுத்தர வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்: அடிபடும் பிள்ளையின் பெயரைச் சொல்லி, “வா, டீச்சர் கூப்பிடுறாங்க” அல்லது “வா, போலாம்” என்று அங்கிருந்து அழைத்துப் போய்விடுவது. அடிப்பவனோடு வாதாட வேண்டாம். தனியாகப் போகப் பயமானால் இருவராக. அதுவும் முடியாத இடத்தில் நேராகப் பெரியவரிடம். ‘போட்டுக் கொடுப்பது’ என்று பிள்ளைகள் தயங்குவார்கள். ஒருவரை மாட்டிவிடச் சொல்வது வேறு, ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது வேறு என்று இரண்டு உதாரணத்தோடு விளக்குங்கள், எட்டு வயதில் பளிச்சென்று புரியும். மேல்நிலை வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே வழி: குழுவில் சண்டை வேண்டாம், கிண்டலுக்கு ஆளானவருக்குத் தனியாக ஒரு செய்தி, குழுவில் வந்ததை எங்கும் அனுப்பாமல் பெரியவரிடம் காட்டுவது.

சிறப்பு நாள்களைப் பற்றியும் கேட்பீர்கள். 1979இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிவைத்த பணிவன்பு இயக்கம், 1982இல் வந்த அதன் சின்னமான சிங்கா சிங்கம், 1997இல் அமைந்த சிங்கப்பூர் கைண்ட்னஸ் மூவ்மென்ட் (அன்பு இயக்கம்) என்று இந்த ஊருக்கு இதில் நீண்ட பழக்கம். உலக அன்பு தினமான நவம்பர் 13 இங்கே பள்ளி ஆண்டு முடிகிற நேரம். அன்று எதைத் தொடங்கினாலும் விடுமுறை விழுங்கிவிடும். சிறப்பு நாளுக்கு மே மாதம் வசதி: அரையாண்டுத் தேர்வு இப்போது இல்லை, ஜூன் விடுமுறைக்கு முன் சில வாரம் கைவசம் இருக்கும். அன்றைக்குப் பூவும் அட்டையும் கொடுக்கட்டும், தவறில்லை. ஆனால் கேன்டீன் ஆன்ட்டிக்கு நன்றி அட்டை என்றால் ‘அன்புள்ள கேன்டீன் ஆன்ட்டி’ என்று ஒரே வாசகத்தை நாற்பது பேர் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பலனில்லை. ஐந்து பேர் எழுதினாலும், “என் மீயில் மிளகாய் போடாமல் தனியாக எடுத்து வைத்தீர்கள்” என்பது போல ஒன்று இருந்தால் அந்த ஆன்ட்டி அதைக் கடைச் சுவரில் ஒட்டுவார்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க எண்ணிக்கை தேவையில்லை. தவணை தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை, தாளில் இரண்டு கேள்வி: “யாரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்? மூன்று பெயர் எழுது.” “உன் பென்சில்பெட்டி தொலைந்தால் யாரிடம் கேட்பாய்?” தாள் ஆசிரியரைத் தவிர யார் கண்ணிலும் படக் கூடாது, பெற்றோர் தொண்டூழியர் கண்ணிலும்தான். யார் பெயர் அதிகம் வந்தது என்று பார்க்க வேண்டாம். ஒரு தாளிலும் வராத பெயர்கள் எவை? தொடக்கத்தில் நான்கு இருந்து முடிவில் இரண்டானால் வேலை நடந்திருக்கிறது. மீதி இரண்டு பேரை அடுத்த தவணையில் எந்தக் குழுவில், யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதை ஆசிரியர் அந்தத் தாள்களை வைத்தே முடிவு செய்யலாம்.

விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாம் மறந்திருக்கும். புதுச் செயலுக்குப் போகாமல் பழைய நான்கையும் ஒரு வாரம் மறுபடி ஒத்திகை பாருங்கள். இந்த முறை பிள்ளைகளே நடத்தட்டும்.